பழைய கணினியின் திரையைப் பதிவு செய்தல்: அறிகுறியைப் பார்த்துக் கருவியைத் தேடுவது

பழைய கணினியில் ஓடும் நிரலையோ விளையாட்டையோ வீடியோவாகப் பதிவு செய்ய நினைப்பவர்கள் முதலில் வாங்குவது கேப்சர் கார்டைத்தான், அதாவது வரும் வீடியோ சிக்னலை இன்னொரு கணினியில் பதிவு செய்ய உதவும் கருவியை. படம் வராது. கார்டு மட்டம் என்று முடிவு கட்டி, விலை கூடிய இன்னொன்றை வாங்குவார்கள். அதிலும் வராது, வந்தாலும் கோணல்மாணலாக வரும். இந்த வேலையில் கேப்சர் கார்டு கடைசிக் கண்ணி மட்டுமே. பெரும்பாலான கோளாறுகள் அதற்கு முன்னால், பழைய சிக்னலை இன்றைய வடிவத்துக்கு மாற்றும் இடத்தில்தான் பிறக்கின்றன (அந்த வேலையைச் செய்யும் கருவிதான் கீழே வரும் மாற்றிப் பெட்டி). அந்த இடத்தைப் பிடித்துவிட்டால், எதை வாங்குவது என்ற கேள்வியும் பாதி தீர்ந்துவிடும்.

அறிகுறிகளுக்குள் போகும் முன் உங்கள் கணினியைப் பற்றி இரண்டு விவரம் தெரிந்திருக்க வேண்டும்: அது வினாடிக்கு எத்தனை வரி வரைகிறது, சிக்னலை என்ன மின்னழுத்தத்தில் அனுப்புகிறது. கமடோர் 64, அமிகா, சிஜிஏ கார்டு (பிசியின் திரைக்கான கார்டு வகைகளில் ஒன்று; கீழே வரும் எம்டிஏ, இஜிஏ, விஜிஏயும் அப்படித்தான்) போட்ட ஐபிஎம் பிசி எல்லாம் டிவி கணக்கில் வரைபவை, அதாவது 15.6 அல்லது 15.7 கிலோஹெர்ட்ஸ். 1987-இல் வந்த விஜிஏ 31.5 கிலோஹெர்ட்ஸ். நடுவில் இரண்டு தனிப்பிறவிகள் உண்டு: 1981-இன் எம்டிஏ 18.4, 1984-இன் இஜிஏ 21.8. இந்த இஜிஏவும் 200 வரி மோடுக்குப் போனால் 15.7-க்கு இறங்கிவிடும். மின்னழுத்தத்தில் எம்டிஏ, சிஜிஏ, இஜிஏ மூன்றும் ஒரு கட்சி: 9 பின் வழியாக டிடிஎல் எனப்படும் டிஜிட்டல் சிக்னல், 0 அல்லது 5 வோல்ட். விஜிஏயும் அமிகாவும் 0.7 வோல்ட் அனலாக். இந்த இரண்டு விவரத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அடிக்கடி தேவைப்படும்.

திரை கறுப்பு, அல்லது "சிக்னல் இல்லை"

முதலில் கேப்சர் கார்டைக் கழற்றிவிட்டு, மாற்றிப் பெட்டியின் எச்டிஎம்ஐ கேபிளை நேராக ஒரு மானிட்டரில் செருகுங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

மலிவாகக் கிடைக்கும் விஜிஏ-எச்டிஎம்ஐ அடாப்டர் 31 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் சீந்தாது. அமிகாவுக்கு ஒரு கேபிள் செய்து அதில் செருகினால் கறுப்புத்தான் மிஞ்சும். 15 கிலோஹெர்ட்ஸ் அனலாக் ஆர்ஜிபிக்கு (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில் வரும் சிக்னல்) ஓஎஸ்எஸ்சி வேண்டும்; ஒவ்வொரு வரியையும் இரண்டு முதல் ஐந்து மடங்காக்கி எச்டிஎம்ஐயில் அனுப்பும் மாற்றிப் பெட்டி அது. அல்லது ஜிபிஎஸ்-8200 பலகையில் ஜிபிஎஸ்-கண்ட்ரோல் மென்பொருளை ஏற்றிப் பயன்படுத்தலாம். ஓஎஸ்எஸ்சியில் காம்போசிட்டுக்கும் (படம் முழுவதும் ஒரே கம்பியில்) எஸ்-வீடியோவுக்கும் (வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பியில்) நுழைவாயிலே இல்லை. ஆர்ஜிபி தராத கமடோர் 64 வைத்திருப்பவர் அதை வாங்கினால் செருக இடம் தேடி அலைய வேண்டியதுதான். அவருக்கு ரெட்ரோடிங்க் வகைப் பெட்டி பொருந்தும்.

9 பின் காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 9 பின்னை 15 பின்னாக மாற்றும் வெறும் கம்பி கேபிள்களை நம்பி சிஜிஏயை விஜிஏ நுழைவாயிலில் செருகாதீர்கள். 0.7 வோல்ட் எதிர்பார்க்கும் இடத்தில் 5 வோல்ட் போய் நிற்கும். ஜிபிஎஸ்-8200 பலகையின் மேல் சிஜிஏ என்று அச்சடித்திருந்தாலும் அது எதிர்பார்ப்பது அனலாக் அளவுதான். டிடிஎல் சிக்னலுக்கென்றே செய்யப்பட்டவை ஆர்ஜிபி2எச்டிஎம்ஐ, எம்சிஇ2விஜிஏ போன்றவை. முதலாவது, பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினிக்காக, ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற சிறு பலகைக் கணினியின் மேல் தொடங்கிய திட்டம். இன்று சிஜிஏ, இஜிஏ, எம்டிஏ மூன்றையும் பிக்சல் பிசகாமல் படிக்கிறது. 9 பின் கணினிக்கு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

மானிட்டரில் படம் வருகிறது, கேப்சரில் மட்டும் கறுப்பு என்றால் அது வேறு கதை. கேப்சர் கார்டுகள் ஒரு குறிப்பிட்ட பட்டியலில் உள்ள ரெசல்யூஷன்களையே ஏற்கும், மானிட்டர்கள் தாராளம். ஓஎஸ்எஸ்சியை ஐந்து மடங்கில் ஓட்டிக்கொண்டிருந்தால் இரண்டு மடங்குக்கு இறக்குங்கள். 480பி அல்லது 576பிக்கு (480 அல்லது 576 வரி கொண்ட படம்) நெருக்கமாக வந்துவிட்டால் பெரும்பாலான கார்டுகள் வழிக்கு வரும். வாங்கும் முன்பே கார்டின் விவரத்தாளில் 576பி50, 720×400 இரண்டும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பெரிய எழுத்தில் 4கே என்று போட்டிருப்பதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போல ஆன்டெனா சிக்னல் மட்டும் தரும் கணினி என்றால், டியூனர் உள்ள பழைய விசிஆர் ஒன்று போதும். ஸ்பெக்ட்ரம் அனுப்புவது யூஎச்எஃப் சேனல் 36-இல். விசிஆரை அங்கே டியூன் செய்து, அதன் காம்போசிட் வெளியீட்டை எடுத்துக்கொள்ளலாம்.

படம் உண்டு, நிறம் இல்லை

பதிவு மென்பொருளில் பால் (ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் 50 ஹெர்ட்ஸ் டிவி முறை), என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் 60 ஹெர்ட்ஸ் முறை) மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும். எஸ்-வீடியோ கேபிளில் நிறத்துக்கான கம்பி மட்டும் தொடர்பு விட்டுப்போனாலும் இதே அறிகுறிதான்.

அமிகா 500-இல் காம்போசிட் வெளியீடு பிறவியிலேயே கறுப்பு வெள்ளை. எந்த அமைப்பை மாற்றினாலும் நிறம் வராது. 23 பின் ஆர்ஜிபிக்குத்தான் போக வேண்டும். அமிகா 600, 1200 இரண்டிலும் காம்போசிட்டிலேயே நிறம் உண்டு.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கும். ஆப்பிள் 2-இலும், சிஜிஏக்கு எழுதப்பட்ட சில விளையாட்டுகளிலும் நிறம் என்பது காம்போசிட் சிக்னலின் ஓட்டையிலிருந்து பிறப்பது. நெருக்கமான வெள்ளைக் கோடுகளை என்டிஎஸ்சி டிவி நிறமாகப் புரிந்துகொள்ளும். நிரல் எழுதியவர்கள் அதை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொண்டார்கள். சுத்தமான ஆர்ஜிபி வழியே எடுத்தால் கூர்மையான, ஆனால் நிறமற்ற கோடுகள்தான் கிடைக்கும். அந்த விளையாட்டுகளுக்குக் காம்போசிட்டே சரியான வழி.

சிஜிஏயில் நிறம் தொடர்பாக இன்னொன்று. பழுப்பு வர வேண்டிய இடத்தில் அழுக்கு மஞ்சள் வந்தால் கணினியில் பிழையில்லை. கார்டு அனுப்புவதே அடர்மஞ்சள்தான். ஐபிஎம்மின் 5153 மானிட்டர் அதில் பச்சையைக் குறைத்துப் பழுப்பாக்கிக் காட்டியது. உங்கள் மாற்றிப் பெட்டியில் அதற்கென அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அசையும் பொருளின் ஓரம் சீப்புப் பல் போலப் பிரிகிறது, சில உருவங்கள் காணாமல் போகின்றன

விஎச்எஸ் நாடாவைப் பதிவு செய்வதற்காக விற்கப்படும் யூஎஸ்பி கேப்சர்களில் இது தவறாமல் வரும். டிவி ஒளிபரப்பில் ஒரு முழுப் படம் இரண்டு பாதியாக வரும்: ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை. கமடோர் 64 போன்றவை அப்படிச் செய்வதில்லை. பால் கணினியில் 312 வரி, என்டிஎஸ்சியில் 263 வரி என்று ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தின் மேல் முழுப் படத்தையே வரைகின்றன. யூஎஸ்பி கேப்சருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அடுத்தடுத்து வரும் இரண்டு தனிப் படங்களை ஒரே படத்தின் இரு பாதி என்று நினைத்துப் பின்னிவிடும்.

விளைவு இரண்டு. அசையும் எதுவும் பல் பல்லாகப் பிரியும். ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம் காட்டி நிழல் போலத் தெரியவைக்கும் உருவங்கள் நிரந்தரக் கோடுகளாக உறைந்துவிடும். மென்பொருள் டீஇன்டர்லேஸ் செய்தால், அதாவது இரு பாதிகளின் சீப்புப் பல்லைக் கலந்து அழித்தால், ஒரேயடியாக மறைந்தும் போகும்.

புதிதாக எதுவும் வாங்காமல் இதைச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் டீஇன்டர்லேசிங்கை அணைத்துவிட்டு, 4:2:2 நிறத்தில் (நிற விவரத்தைக் கிடைமட்டமாக மட்டும் பாதியாக்கும் முறை) இழப்பில்லாத கோடெக்கில் (தரம் குறையாமல் சுருக்கும் முறை) பதிவு செய்யுங்கள். பிறகு எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் செபரேட்ஃபீல்ட்ஸ் என்ற ஃபில்டரைப் போட்டால் பின்னிய படங்கள் திரும்பப் பிரிந்து, வினாடிக்கு 50 அல்லது 60 தனி ஃப்ரேம் கிடைக்கும். ஆனால் கேப்சரின் சில்லு தனக்குள்ளேயே டீஇன்டர்லேஸ் செய்து அனுப்பும் ரகமாக இருந்தால் தொலைந்தது தொலைந்ததுதான். சோதிப்பது சுலபம்: சீப்புப் பல் தெரிந்தால் தப்பித்தீர்கள், பல்லுக்குப் பதில் மங்கிய இரட்டை உருவம் தெரிந்தால் அந்தக் கேப்சர் இந்த வேலைக்கு ஆகாது. வரிகளை இரட்டிப்பாக்கும் பெட்டி ஒன்றை முன்னால் வைத்து, எச்டிஎம்ஐ கேப்சருக்கு மாறிவிடுங்கள்.

விஜிஏ எழுத்துகள் பட்டை பட்டையாக மங்குகின்றன

டாஸ் திரையைப் பதிவு செய்பவர்கள் அதிகம் அவதிப்படுவது இங்கேதான். ஒரு சொல் கூர்மையாக இருக்கும், நாலு விரல் தள்ளி இன்னொரு சொல் கசங்கியிருக்கும், அதற்கடுத்தது மறுபடி கூர்மை. கேபிளை மாற்றினாலும் போகாது.

விஜிஏ சிக்னலில் பிக்சலுக்குப் பிக்சல் எல்லை கிடையாது. தொடர்ந்து ஓடும் மின்னழுத்தம் மட்டுமே. ஒரு வரியை எத்தனை துண்டாக வெட்டுவது என்பதை வாங்கும் கருவி தானே ஊகிக்க வேண்டும். டாஸ் எழுத்துத் திரை 720×400. மறைந்திருக்கும் ஓரங்களையும் சேர்த்தால் ஒரு வரிக்கு 900 பிக்சல். 320×200 விளையாட்டுத் திரையைக் கார்டு இரட்டிப்பாக்கி 640×400 ஆக அனுப்புகிறது. அதற்கு வரிக்கு 800. வில்லங்கம் என்னவென்றால் இரண்டுமே 31.5 கிலோஹெர்ட்ஸ், 449 வரி, 70 ஹெர்ட்ஸ். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. எழுத்துத் திரையை 800 துண்டாக வெட்டும் கருவி ஒவ்வொரு ஒன்பது பிக்சலையும் எட்டில் அடைக்கப் பார்க்கும். எழுத்தின் கால்கள் சில தடிக்கும், சில காணாமல் போகும்.

சரிசெய்யும் முறை இது. டாஸ் பிராம்ப்டில் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எண் பலகையில் 177 அடித்து விடுங்கள். புள்ளிகள் மாறி மாறி வரும் ஒரு சதுரம் விழும். அதையே திரும்பத் திரும்ப அடித்து ஒன்றிரண்டு வரிகளை நிரப்புங்கள். இப்போது மாற்றிப் பெட்டியின் மெனுவில் ஒரு வரிக்கான சாம்பிள் எண்ணிக்கையைத் தேடி 900 என்று வையுங்கள். புள்ளிகளிடையே மங்கல் பட்டைகள் இன்னும் இருந்தால் அவற்றை எண்ணிப் பாருங்கள்: மூன்று பட்டை என்றால் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று தவறு. ஒவ்வொன்றாகக் கூட்டியோ குறைத்தோ போனால் பட்டைகள் அகன்று, எண்ணிக்கையில் குறைந்து, கடைசியில் மறையும். அதற்குப் பிறகும் முழு வரியும் ஒரே சீராக மங்கலாகவோ மினுமினுத்தோ தெரிந்தால் ஃபேஸ் அமைப்பைத் தொடுங்கள்; ஒவ்வொரு பிக்சலையும் எந்தக் கணத்தில் அளப்பது என்பதை அது முடிவு செய்கிறது. எண்ணிக்கை சரியாகும் வரை ஃபேஸைத் தொட வேண்டாம். பட்டைகள் இடம் மாறுமே தவிரப் போகாது.

எழுத்துக்கு 900, விளையாட்டுக்கு 800 என்று இரண்டு ப்ரொஃபைல் சேமித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கையாலேயே மாற்ற வேண்டும். ஓஎஸ்எஸ்சியிலும் டேட்டாபாத் விஷன்ஆர்ஜிபி என்ற கேப்சர் கார்டுகளிலும் இந்த அமைப்புகள் கிடைக்கும். மலிவான விஜிஏ-எச்டிஎம்ஐ அடாப்டரில் மெனுவே இல்லை. அது ஊகித்ததுதான் முடிவு. எழுத்துத் திரை உங்களுக்கு முக்கியமென்றால் அந்த அடாப்டரில் காசைப் போடாதீர்கள்.

ஸ்க்ரோல் ஆகும்போது திக்கித் திக்கிப் போகிறது

டாஸ் விளையாட்டு என்றால் காரணம் 70 ஹெர்ட்ஸ். துல்லியமாகச் சொன்னால் 70.086. கருவி அதை 60 ஆக்கினால் வினாடிக்குப் பத்து ஃப்ரேம் உதிரும். அதுவும் சீரான இடைவெளியில் ஓடும் காட்சியின் நடுநடுவே. கண் அதை உடனே பிடித்துவிடும்.

70-ஐ 70 ஆகவே பிடிக்கும் கருவி வேண்டும். அனலாக் ஆர்ஜிபியை நேராக வாங்கும் விஷன்ஆர்ஜிபி கார்டுகளை டாஸ் பதிவுக்காரர்கள் தேடித் தேடி வாங்குவது இதற்குத்தான். ஓஎஸ்எஸ்சி தனக்கு வந்த வேகத்திலேயே வெளியே அனுப்பும். எனவே 70 ஹெர்ட்ஸை ஏற்கும் எச்டிஎம்ஐ கேப்சர் இருந்தால் அந்த வழியும் சரி. வீடியோ தளங்களில் 60 ஃப்ரேமுக்கு மேல் கிடைக்காதே என்றால், ஒன்று விட்டு ஒன்றாக நீக்கி 35 ஆக்கிவிடுங்கள். எண்ணிக்கை குறைந்தாலும் ஓட்டம் சீராக இருக்கும். டூம் போன்ற விளையாட்டு தானே வினாடிக்கு 35 ஃப்ரேமுக்கு மேல் வரையாது. அதில் எதையும் இழக்கவே மாட்டீர்கள்.

பால் கணினிகளில் திக்கினால் பதிவு மென்பொருளை 50-க்கு மாற்றுங்கள். அது பெரும்பாலும் 30-இலோ 60-இலோ நின்றுகொண்டிருக்கும்.

நிறம் எழுத்துக்கு வெளியே கசிகிறது

படத்தை அசையாமல் நிறுத்திவைத்துப் பாருங்கள். ஓரங்களில் புள்ளிகள் ஊர்ந்தால் அது காம்போசிட்டின் குணம். எஸ்-வீடியோவோ ஆர்ஜிபியோ கிடைத்தால் மாறிவிடுங்கள். கமடோர் 64-இல் எஸ்-வீடியோவுக்கு மாறிய பிறகு நிறம் அளவுக்கு மீறி அடித்தால், நிறக் கம்பியில் 300 ஓம் அல்லது 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வையுங்கள். அந்தக் கணினி அனுப்பும் நிற சிக்னல் எஸ்-வீடியோ அளவைவிட அதிகம்.

புள்ளி ஊராமல், நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் குழைந்திருந்தால் குற்றவாளி கேப்சர்தான். நிற விவரத்தைப் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைத்துச் சேமிக்கிறது. யூஎஸ்பி 2.0 ஸ்டிக்குகளில் இது தவிர்க்க முடியாதது. 1920×1080 படத்தை வினாடிக்கு 60 ஃப்ரேம், 4:2:2-இல் சுருக்காமல் அனுப்ப வினாடிக்கு 249 மெகாபைட் வேண்டும், யூஎஸ்பி 2.0-இன் ஏட்டுக்கணக்கே 60 மெகாபைட்தான். அதனால் ஸ்டிக் உள்ளேயே ஜேபெக் ஆக்கி அனுப்புகிறது. யூஎஸ்பி 3.0 கேப்சர் வாங்குங்கள். அல்லது கேப்சருக்கு முன்பே படத்தை இரு பக்கமும் இரண்டு மடங்கு முழு எண்ணில் பெரிதாக்குங்கள். ஒரு பழைய பிக்சல் நான்கு புதுப் பிக்சலாகிவிட்டால், நிறம் கால்வாசியாகக் குறைந்தாலும் ஒன்றுக்கு ஒன்று மிஞ்சும்.

மற்றவை

படம் வெளிறியோ மங்கியோ இருந்தால் 75 ஓம் கணக்கை, அதாவது சிக்னலை வாங்கும் கருவி அதற்கு வைக்கும் மின்தடையைப் பாருங்கள். ஒய்-கேபிள் போட்டு மானிட்டருக்கும் கேப்சருக்கும் ஒரே சிக்னலைப் பிரித்தால் இரண்டும் சேர்ந்து அதை மூன்றில் இரண்டாக இறக்கிவிடும். பிரிக்க வேண்டுமானால் மின்சாரம் போட்டு இயங்கும் ஸ்ப்ளிட்டர் வேண்டும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, இருட்டுப் பகுதி முழுக்க ஒரே கறுப்பாக அப்பிக்கொண்டாலோ, ஓபிஎஸ்ஸில் வீடியோ ரேஞ்சை ஃபுல், லிமிடெட் இரண்டிலும் மாற்றிப் பாருங்கள்.

கிடைமட்டமாக ஒரு நிழல் பட்டை மெல்ல மேலேறிக்கொண்டே இருந்தால் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கிடையே ஓடும் வேண்டாத மின்னோட்டம். பழைய கணினி, பதிவு செய்யும் கணினி இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகுங்கள். எர்த் பின்னை வெட்டுவது தீர்வல்ல, ஆபத்து.

வட்டம் தட்டையாகத் தெரிகிறதா? 320×200 திரை 4:3 மானிட்டரை நிரப்புவதற்காக வரையப்பட்டது. அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் ஆக்கினால் 1600×1200. பிக்சலும் உடையாது, வட்டமும் வட்டமாகும்.

ஒலி போகப் போகப் படத்தை முந்தினால், பால் கமடோர் 64 ஓடுவது 50 அல்ல, 50.125 ஹெர்ட்ஸில் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேம்களை எண்ணி 50 என்றே ஓட்டும் மென்பொருளில் பத்து நிமிடத்துக்கு ஒன்றரை வினாடி விலகும். எடிட் செய்யும்போது வீடியோவின் வேகத்தை 50.125 என்று குறிப்பிட்டால் போதும். எம்எஸ்2109 சில்லு உள்ள எச்டிஎம்ஐ ஸ்டிக்குகளில் ஒலிக் கோளாறு வேறு மாதிரி: 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று அறிவிக்கும். ஒலியைத் தனியாகக் கணினியின் லைன்-இன்னில் எடுத்துவிடுவது தலைவலி இல்லாத வழி.

மோடு மாறும்போதெல்லாம் இரண்டு மூன்று வினாடி கறுப்பு

டாஸ் விளையாட்டு தொடங்கும்போது எழுத்துத் திரையிலிருந்து வரைகலைத் திரைக்குத் தாவும். சில விளையாட்டுகள் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே 640×480-க்குப் போய்த் திரும்பும். அது 60 ஹெர்ட்ஸ். சிக்னலை அப்படியே கடத்தும் பெட்டிகளில் ஒவ்வொரு முறையும் எச்டிஎம்ஐ இணைப்பு புதிதாகக் கைகுலுக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் அறிமுகப் படமே போய்விடும். ஃப்ரேமைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்து, எப்போதும் ஒரே வேகத்தில் வெளியே விடும் ஸ்கேலர்களில் இடைவெளி வெகுவாகக் குறையும். ஆனால் 70 ஹெர்ட்ஸை 60 ஆக்கித் திக்கலைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். இரண்டையும் ஒன்றாகத் தரும் பெட்டிக்காகக் காத்திருப்பதைவிட, தொடக்கக் காட்சியை ஸ்கேலர் வழியாகவும் விளையாட்டை நேர்வழியாகவும் தனித்தனியே பதிவு செய்து எடிட்டில் ஒட்டிவிடுங்கள்.